11 மாதமாகியும் குழந்தை விரல் நீட்டிக் காட்டவில்லை: ஊர்ப் பழக்கமா, குறையா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. மகளுக்கு 11 மாதம் முடிந்துவிட்டது. கை தட்டுகிறாள், "சாமி கும்பிடு" என்றால் கையைக் கூப்புகிறாள், டாட்டா காட்டுகிறாள். ஆனால் விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை. பாரிஸ் பக்கம் இருக்கும் நாத்தனாரின் மகன் இவளைவிட மூன்று வாரம் மூத்தவன். வீடியோ காலில் பார்த்தால் விளக்கு, நாய், ஜன்னல் என்று எல்லாவற்றையும் ஒற்றை விரலால் காட்டுகிறானாம். அங்கே குழந்தைக்குக் கொடுக்கும் மருத்துவக் கையேட்டில் 9ஆம் மாதப் பக்கத்திலேயே "விரலால் சுட்டுகிறதா?" என்று கேட்டிருக்கிறதாம். இங்கே மாமியாரோ, குழந்தை விரலைத் தூக்கினாலே "விரல் நீட்டக் கூடாது" என்று மடக்கிவிடுகிறார். இது பழக்கத்தால் வந்த வித்தியாசமா, குழந்தைக்கு ஏதாவது குறையா, கைச் சைகை சொல்லிக் கொடுக்கும் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சின்னக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சியும் கேட்புப் பயிற்சியும் கொடுத்து வருகிறேன். புதுச்சேரியிலிருந்தும் நிறையக் குடும்பங்கள் வருகின்றன. இதே கேள்வியை வேறு வேறு வாய்களில் பல தடவை கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். 11 மாதத்தில் விரல் நீட்டாதது தாமதம் ஆகாது. பெரும்பாலான குழந்தைகள் 9 மாதத்துக்கும் 14 மாதத்துக்கும் இடையில் என்றைக்காவது ஒருநாள் தொடங்குவார்கள். முதல் பிறந்தநாளை ஒட்டி வருவதுதான் அதிகம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் பட்டியலில், வேண்டியதைக் கேட்க விரல் நீட்டுவது 15 மாதத்திலும், பிடித்த ஒன்றை உங்களுக்குக் காட்ட நீட்டுவது 18 மாதத்திலும் வருகிறது. நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்துவிடும் வயதைப் பார்த்துப் போட்ட பட்டியல் அது. பிரான்சில் 9ஆம் மாதத்திலேயே கேட்கிறார்கள் என்றால், அந்த வயதில் மருத்துவர் கவனித்துக் குறித்து வைக்க வேண்டிய ஒன்று என்றுதான் பொருள். அன்றைக்கு "இல்லை" என்று எழுதினால் குழந்தை தோற்றுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் மகள் குறைமாதத்தில் பிறந்தவளாக இருந்தால், பிறந்த தேதியை விட்டுவிட்டு, டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து மாதம் எண்ணுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைத்தான் நான் முதலில் கேட்பேன். கையில் ஏதாவது கிடைத்தால், அதை உங்கள் பக்கம் தூக்கிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா? இதை ஏன் கேட்கிறேன் என்பது கீழே புரியும்.

விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு. எலிசபெத் பேட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டு இத்தாலியத் தோழிகளோடு சேர்ந்து 1975இல் இதைப் பிரித்துக் காட்டினார். நான் தாய்மார்களிடம் சொல்லும்போது கேட்கிற விரல், காட்டுகிற விரல் என்று சொல்வேன். அலமாரி மேல் பிஸ்கட் டப்பா இருக்கிறது, குழந்தை அதை நோக்கிக் கையை நீட்டி "ம்ம், ம்ம்" என்கிறது. இது கேட்கிற விரல். மதில்மேல் காக்கா வந்து உட்காருகிறது, குழந்தை விரலை நீட்டுகிறது, திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது. அதற்குக் காக்கா வேண்டாம். நீங்களும் அந்தக் காக்காவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இது காட்டுகிற விரல். வாயில் ஒரு சொல்கூட வராத வயதில் "நான் பார்த்ததை நீயும் பார்" என்று ஒரு மனம் இன்னொரு மனத்தைக் கூப்பிடுகிறது. எத்தனையோ குழந்தைகளிடம் இதைப் பார்த்துவிட்டேன், இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

2004இல் லிஸ்கோவ்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளரும் அவர் குழுவும் செய்த சோதனை இதை அழகாக நிரூபித்தது. 12 மாதக் குழந்தைகள் முன்னால் திரைக்குப் பின்னாலிருந்து பொம்மைகள் எட்டிப் பார்க்கும். குழந்தை விரல் நீட்டும்போது பக்கத்திலிருக்கும் பெரியவர் நான்கு விதமாக நடந்துகொள்வார். ஒரு முறை பொம்மையை மட்டும் பார்ப்பார், ஒரு முறை குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துக் கொஞ்சுவார், ஒரு முறை எதையுமே பார்க்க மாட்டார், ஒரு முறை பொம்மையையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துப் பேசுவார். கடைசி வகையில்தான் குழந்தைகளுக்குத் திருப்தி. மற்ற மூன்றிலும், நினைத்தது நடக்கவில்லை என்பதுபோல் நடந்துகொண்டன. வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதும் இதுவேதான். அவள் காட்டினால், காட்டிய பொருளைப் பாருங்கள், பிறகு அவள் முகத்தைப் பாருங்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள். "ஆமாண்டி, காக்கா!" போதும்.

நம் மொழி இதை எப்போதோ கவனித்து வைத்திருக்கிறது. அந்த விரலுக்கு நாம் வைத்த பெயர்களைப் பாருங்கள்: ஆள்காட்டி விரல், சுட்டுவிரல். இரண்டுமே காட்டுகிற வேலையை வைத்து வந்த பெயர்கள். "அ இ உ அம் மூன்றும் சுட்டு" என்கிறது தொல்காப்பியம். அது, இது என்று குழந்தை முதலில் சொல்லும் சொற்களின் முதல் எழுத்தே விரலின் வேலையைத்தான் செய்கிறது. பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் சொன்ன பாட்டியல் நூல்கள் 3ஆம் மாதம் காப்பில் தொடங்கி இரண்டிரண்டு மாதமாகப் பருவம் வகுத்தன. கை தட்டும் சப்பாணிக்கு 9ஆம் மாதம், நிலவைக் கூப்பிடும் அம்புலிக்கு 15ஆம் மாதம். இன்றைய வளர்ச்சிப் பட்டியலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிய தூரம் இல்லை. பெரியாழ்வார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, குட்டிக் கண்ணன் தன் சின்னக் கைகளால் நிலாவைக் காட்டிக் காட்டிக் கூப்பிடுவதைப் பாடியிருக்கிறார். காட்டுகிற விரலைக் கண்ணால் பார்த்து ரசித்த ஒருவரால்தான் அப்படிப் பாட முடியும். ஆகவே, விரல் நீட்டிக் காட்டுவது வெள்ளைக்காரக் குழந்தைகளின் பழக்கம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட பழக்கம் பற்றிய கேள்வி. நவராத்திரியில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொலு பார்க்கப் போவோம் அல்லவா? ஏறக்குறைய அதையே 2012இல் வெளியான ஓர் ஆய்வில் செய்தார்கள். சுவர் முழுக்கப் பொருள்கள் மாட்டி அலங்கரித்த இடத்தில் தாய்மார்கள் குழந்தையை ஏந்திக்கொண்டு சும்மா பார்த்தபடி நிற்க வேண்டும். வேறு எந்தக் கட்டளையும் கிடையாது. பப்புவா நியூ கினியா, இந்தோனேசியா, ஜப்பான், பெரு, மெக்சிகோ, கனடா என்று ஆறு நாடுகளின் ஏழு வெவ்வேறு சமூகங்களில், 10 முதல் 14 மாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு. எல்லா இடத்திலும் குழந்தைகள் சுட்டின, பெரியவர்களும் சுட்டினார்கள். விரல் நீட்டும் வடிவம்கூட ஒன்றுபோலவே இருந்தது. பெரியவர்கள் எவ்வளவு சுட்டினார்களோ, அதையொட்டிக் குழந்தைகள் சுட்டும் அளவும் இருந்தது.

அந்தக் கடைசி வரியில்தான் பழக்கத்தின் பங்கு இருக்கிறது. அடுத்த ஆண்டு, யுகடான் மாயா கிராமங்கள், நெதர்லாந்து, ஷாங்காய் என்று மூன்று இடத்துக் குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக் கவனித்தார்கள். 8 முதல் 15 மாதம் வரையுள்ளவர்கள். ஷாங்காய்க் குழந்தைகளின் கைகள் அதிகம் பேசின, டச்சுக் குழந்தைகள் நடுவில், மாயாக் குழந்தைகள் குறைவு. பெரியவர்கள் எவ்வளவு நேரம் குழந்தையோடு சேர்ந்து ஒரே பொருளைப் பார்த்து விளையாடினார்கள், எவ்வளவு கை காட்டினார்கள் என்பதும் அதே வரிசையில் இருந்தது. விரலை மனித இனமே பெற்றிருக்கிறது, அது ஒரு நாளில் எத்தனை முறை நீளும் என்பதை வீடு முடிவு செய்கிறது. இந்த ஆய்வுகளைப் படித்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

பெரியவர்களின் மரியாதை வேறு விஷயம். லாவோஸில் உதட்டைக் குவித்துத் திசை காட்டுவார்கள். பப்புவா நியூ கினியாவின் யுப்னோ மக்கள் மூக்கைச் சுருக்கித் தலையைத் திருப்பிக் காட்டுவார்கள். நாமும் பெரியவரை ஒற்றை விரலால் காட்ட மாட்டோம், முழுக் கையையும் விரித்து "இவங்கதான்" என்போம். பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று என் ஆத்தா என் விரலையும் மடக்கியிருக்கிறாள். உங்கள் மாமியார் சொல்வது நம் ஊர் மரியாதை, அதில் தப்பே இல்லை. ஆனால் அது மூன்று, நான்கு வயதில் சொல்லிக் கொடுக்க வேண்டிய மரியாதை. 11 மாதக் குழந்தை யாரையும் அவமதிப்பதற்காக விரலை நீட்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் அதை மடக்கினால், அவள் பேச வாயெடுக்கும்போது வாயைப் பொத்துவது போலத்தான். ஒருநாள் இரண்டு நாள் மடக்கியதால் ஒன்றும் ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் மடக்க வேண்டாம்.

அடுத்து, விரலை மட்டுமே தேடிக்கொண்டு மற்றதைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். நம் குழந்தைகள் நாளின் பாதியை இடுப்பில்தான் கழிக்கின்றன. கடலூர் துறைமுகத்தில் காலையில் மீன் இறங்கும் நேரத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். இடுப்பில் இருக்கும் குழந்தை ஒரு பக்கம் மொத்த உடம்பையும் சாய்க்கும், அந்தத் திசையில் பார்க்கும், திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கும். தாய் "என்னடா, வஞ்சிரமா?" என்று அந்தப் பக்கம் திரும்புவாள். பேச்சு முடிந்தது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கையை நீட்டியே ஆக வேண்டும், இடுப்பில் இருக்கிற குழந்தைக்கு உடம்பைச் சாய்த்தால் போதும். ஜெர்மானிய உளவியலாளர் ஹைடி கெல்லர், உடம்போடு ஒட்டி வளர்க்கும் முறையையும், எதிரே உட்கார்த்தி முகம் பார்த்துப் பொம்மை காட்டி வளர்க்கும் முறையையும் பல நாடுகளில் ஒப்பிட்டவர். வளர்ப்பு முறை மாறும்போது எந்தத் திறமை முந்தி வருகிறது என்பதும் மாறுவதை அவர் ஆய்வுகள் காட்டின. உங்கள் மகள் இடுப்பிலிருந்து எப்படிப் பேசுகிறாள் என்று இரண்டு நாள் கவனியுங்கள். அதோடு, நாள்தோறும் அரை மணி நேரமாவது பாயில் எதிரெதிரே உட்காருங்கள்.

சொல்லிக் கொடுத்துச் செய்வதையும் தானாகச் செய்வதையும் பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம். "சாமி கும்பிடு", "டாட்டா சொல்லு", "கைவீசு", "சாய்ந்தாடு" எல்லாம் நாம் கேட்க, அவர்கள் செய்து காட்டுவது. பாரிஸ் மருமகனும் இரண்டு கையையும் மணிக்கட்டிலிருந்து திருப்பித் திருப்பி ஆட்டுவானே, அது அங்கே பொம்மலாட்டப் பாட்டோடு எல்லாக் குழந்தைக்கும் பழக்குவது. அவன் கும்பிட மாட்டான், இவள் கையைத் திருப்ப மாட்டாள். இதில் ஒப்பிட ஒன்றுமே இல்லை. இந்த விளையாட்டுகள் அருமையானவை. முறை மாற்றி விளையாடுவதையும், பார்த்துச் செய்வதையும், உங்கள் முகத்தில் சிரிப்பை எதிர்பார்ப்பதையும் இவைதான் பழக்குகின்றன. உங்கள் மகள் இவற்றைச் செய்வது எனக்கு நிம்மதியான செய்தி. "ஃபேன் எங்க?" என்று கேட்டு அவள் மேலே பார்த்தால், சொல் புரிகிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் நான் தேடுவது, யாரும் கேட்காதபோது அவளாக ஆரம்பிப்பதை. மாடியில் விமானச் சத்தம் கேட்டு அவளே மேலே பார்த்து, அவளே உங்களைப் பார்த்தால், அந்த ஒரு நொடி பத்துக் கும்பிடுக்குச் சமம். கேட்டால் எல்லாம் செய்கிற, தானாக எதையும் பகிராத குழந்தைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் விஷயத்தில் பெற்றோர் தாமதமாக வந்ததற்குக் காரணம், "அதான் கும்பிடுறானே" என்ற நிம்மதிதான்.

நான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். விரல் வருவதற்கு முன்னால் வருவது கொடுப்பது. 9, 10 மாதத்தில் குழந்தை கையில் இருப்பதைத் தூக்கிக் காட்டும், நீட்டும், சில சமயம் நீட்டிவிட்டுக் கொடுக்காமல் இழுத்துக்கொள்ளும். 10 மாதத்தில் அதிகம் காட்டி, கொடுத்து விளையாடும் குழந்தைகள் 12 மாதத்தில் அதிகம் சுட்டுகின்றன என்று பிரிட்டனில் 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இது எனக்கு ஏன் பிடித்தது என்றால், நம் வீடுகளில் இதற்குப் பயிற்சியே தேவையில்லை. "இந்தா", "தா", "பாட்டிக்கு ஒரு வாய்", "அப்பாவுக்கு ஊட்டு". எச்சில் பட்டு நசுங்கிய முறுக்கைக் குழந்தை நீட்டும்போது, வாயைத் திறந்து வாங்கி "ஆஹா!" என்று சொல்லாத தாத்தா உண்டா? அந்த ஒரு முறுக்கில், ஒரு பொருள் வழியாக இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்ப்பது முழுதாக இருக்கிறது. கையில் இருக்கிறதைக் காட்டத் தெரிந்த குழந்தை, எட்டாததைக் காட்டத்தான் அடுத்து விரலை நீட்டுகிறது. உங்கள் மகள் நீட்டினால் வாங்குங்கள், பார்த்துச் சந்தோஷப்படுங்கள், உடனே திருப்பிக் கொடுங்கள். வாங்கி மேலே வைத்துவிட்டால் அடுத்த முறை நீட்ட மாட்டாள்.

இடது கையால் நீட்டினால் "நல்ல கையால குடு" என்று தட்டிவிடுகிறார்கள். வேண்டாம், இந்த வயதில் அவளுக்கு இரண்டு கையும் ஒன்றுதான். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் குழந்தை எப்போதும் ஒரே கையை மட்டும் பயன்படுத்தி, மற்றதை மடக்கியே வைத்திருந்தால், அது வலது கையாகவே இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றக் கையில் பலவீனம் இருக்கலாம்.

கை பேசுவதற்கும் வாய் பேசுவதற்கும் என்ன தொடர்பு? 2005இல் ஐவர்சன், கோல்டின்-மெடோ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 10 குழந்தைகளை 10 மாதத்திலிருந்து 24 மாதம் வரை தொடர்ந்து படமெடுத்தார்கள். குழந்தை முதலில் சைகையால் குறித்த பொருள், சராசரியாக மூன்று மாதம் கழித்து அதன் வாயில் சொல்லாக வந்தது. இன்னொன்று இதைவிட அழகு. கொடியில் தொங்கும் சட்டையை விரலால் காட்டி "அப்பா" என்று குழந்தை சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் சட்டை என்கிறது, வாய் அப்பா என்கிறது. இரண்டும் சேர்ந்தால் "அப்பா சட்டை". இப்படி விரலும் சொல்லும் வேறு வேறு பொருளைச் சொல்லத் தொடங்கிய குழந்தைகள்தான் சில மாதத்தில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசின. எந்தக் குழந்தை முதலில் அப்படிச் சேர்த்ததோ, அதுவே இரண்டு சொல் பேச்சுக்கும் முதலில் வந்தது.

சிகாகோவில் 50 குடும்பங்களை வைத்து 2009இல் வெளியான ஆய்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டுப் பல தாய்மார்கள் குற்ற உணர்ச்சியோடு வருகிறார்கள். 14 மாதத்தில் ஒன்றரை மணி நேரம் படமெடுத்ததில், வசதியும் படிப்பும் அதிகமான வீட்டுக் குழந்தைகள் சைகையால் சராசரியாக 24 வெவ்வேறு பொருள்களைச் சொன்னார்கள், குறைந்த வீட்டுக் குழந்தைகள் 13. நாலரை வயதில் தெரிந்த சொற்களின் எண்ணிக்கையிலும் அந்த இடைவெளி தொடர்ந்தது. பெற்றோர் எவ்வளவு கை காட்டிப் பேசினார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். கண்டுபிடிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வீட்டில் பெற்றோர் ஒருவரும் குழந்தையும் சேர்ந்து இருப்பதைப் படமெடுத்து எண்ணிய கணக்கு. கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு குழந்தைக்கு அம்மா, ஆயா, அக்கா, பக்கத்து வீட்டு அத்தை, வலை பின்னிக்கொண்டிருக்கும் தாத்தா என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அம்மா மீன் விற்கப் போய்விட்டால், ஏழு வயது அக்கா தூக்கிக்கொண்டு கடலைக் காட்டிக்கொண்டிருப்பாள். அந்தக் காட்டல்கள் யாருடைய கேமராவிலும் விழுவதில்லை. அம்மா காட்டினாலும் அக்கா காட்டினாலும், குழந்தைக்குத் தேவை பதில் கொடுக்கிற ஒரு முகம். அந்த முகம் இப்போது போனுக்குள் போய்விட்டதுதான் எனக்கிருக்கிற கவலை. திரையைத் தள்ளும் விரல் யாருக்கும் எதையும் காட்டுவதில்லை. இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நாத்தனார் மகனோடு வீடியோ காலில் பேசுவதை நான் அதில் சேர்க்க மாட்டேன், அங்கே பதில் சொல்ல ஒரு முகம் இருக்கிறது.

வகுப்பு வேண்டாம். "பால்", "இன்னும்" என்று சைகைகளைக் குழந்தைக்குக் கற்றுக் கொடுத்தால் பேச்சு சீக்கிரம் வருமா என்று பிரிட்டனில் 40 குழந்தைகளை வைத்துச் சோதித்து, 2013இல் முடிவு வெளியிட்டார்கள். பேச்சு முந்தவில்லை. தாய்மார்கள் குழந்தையின் குறிப்பைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்தார்கள், அதுதான் கிடைத்த லாபம். அந்தக் கவனத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இனி கவலைப்பட வேண்டிய இடங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து 20 மாதப் பையனைக் கொண்டுவந்தார்கள். பேச்சே இல்லை. ஆனால் கையால் எல்லாம் சொன்னான். தண்ணீர், தூக்கம், அப்பா படகில் போனது வரைக்கும். "எல்லாம் கையிலயே சொல்லிடுவான், அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்றார் பாட்டி. கேட்புச் சோதனை செய்தோம், இரண்டு காதும் கேட்கவில்லை. காது கேளாத குழந்தைகள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தங்களுக்கென்று சைகைகள் உண்டாக்கிக்கொள்வதை அமெரிக்காவிலும் தைவானிலும் கோல்டின்-மெடோ பதிவு செய்திருக்கிறார். ஆகவே கை நன்றாகப் பேசுகிறது என்பதை வைத்துக் காதைப் பற்றி முடிவு கட்ட முடியாது. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் பிறவிக் காது கேளாமை கூடுதலாக வருகிறது. பிறந்தவுடன் உங்கள் மகளுக்குக் காதுச் சோதனை நடந்ததா என்று டிஸ்சார்ஜ் தாளைப் பாருங்கள். இல்லையென்றால் இப்போதே செய்துவிடுங்கள், வலி இல்லாத சோதனை.

15 மாதம் முடிந்தும் விரலோ, கொடுப்பதோ, காட்டுவதோ, இடுப்பிலிருந்து சாய்ந்து முகம் பார்ப்பதோ எதுவும் இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். நீங்கள் விரல் நீட்டிக் காட்டும் திசையில் அவள் பார்க்காமல் உங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், அதுவும் காட்ட வேண்டிய காரணம். ஆட்டிசம் இருக்குமா என்று பார்க்க உலகம் முழுக்கப் பயன்படும் 20 கேள்வித் தாள் ஒன்று உண்டு, 16 முதல் 30 மாதம் வரைக்கானது. அதன் முதல் கேள்வியே, நீங்கள் அறையின் அந்தப் பக்கம் ஒன்றைச் சுட்டினால் குழந்தை அதைப் பார்க்கிறதா என்பதுதான். இந்த மாதிரித் தாள்களை நிரப்பும்போது நம் ஊர் வழக்கத்தை மனதில் வையுங்கள். "ஆம்" என்பதற்கு நம் குழந்தை தலையை மேலும் கீழும் ஆட்டாது, பக்கவாட்டில் சாய்க்கும். அதையும் ஆம் என்றே எண்ண வேண்டும். எந்த வயதிலும், செய்துகொண்டிருந்த டாட்டாவும் கும்பிடும் கண் பார்ப்பதும் நின்றுபோனால் அந்த வாரமே டாக்டரிடம் போய்விடுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கும் மையங்கள் இருக்கின்றன. உங்களுக்கு ஜிப்மர் பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் அதுதான் நிறைய இருக்கிறது. அவரிடம் வாதாட வேண்டாம். சாயங்காலம் குழந்தையை அவர் இடுப்பில் கொடுத்து மொட்டை மாடிக்கு அனுப்புங்கள், வளர்பிறை நாளாக இருந்தால் நல்லது. நிலாவைக் கண்டதும் முதலில் நீளப்போவது அவர் கைதான். கீழே வந்ததும் அவரிடமே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: குழந்தை எதைப் பார்த்தது, கையா விரலா உடம்பா எதால் காட்டியது, திரும்பி யார் முகத்தைப் பார்த்தது, யாரும் கேட்காமல் செய்ததா. தேதி போட்டு எழுதுங்கள். 15 மாதம் ஆகும்போது அந்த நோட்டோடு வந்தால், ஒரு மணி நேரம் உட்கார்ந்து நான் பார்ப்பதைவிட அதில் அதிகம் இருக்கும்.